கருப்பட்டிக்குக் கேட்ட கைகள்

தூவானக்கோம்பையில் பஸ் கிளம்பும்போது யாரும் கையாட்டி வழியனுப்புவதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் விறைப்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டு மலையிறங்குகிறார்கள். விறைப்பு ஒன்றும் இல்லை. சிலம்பாயியின் கை அசைந்தால் அவளுடைய குதிரை எங்கே நின்றாலும் அசைந்துவிடும் என்று ஆகிப்போன அந்தக் கோடையில், யாராவது கையாட்டினால் அவளும் பழக்கத்தில் பதிலுக்கு ஆட்டிவிடுவாளே என்று ஊரே தன் கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. பிறகு அது அப்படியே நின்றுவிட்டது.

அதற்கு முன்னால் சிலம்பாயி ஏரிக்கரையில் சவாரி விடுகிற பதினோரு பேரில் ஒருத்தி. அதில் ஒரே பெண்பிள்ளை. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்த பெட்டைக்குதிரை ஒன்று அவளுக்கு இருந்தது. குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற வீரணன் அவளுக்குப் புருஷன். நாலு வயதில் வந்த காய்ச்சல் வீரணனின் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில், அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து, உப்புக்கு இது, மழைக்கு இது, கோபத்துக்கு இது என்று இரண்டு பேரும் கையாலேயே ஒரு பாஷை கட்டிக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பாஷையில் பக்கத்து வீட்டு வம்பு முதல் செத்துப்போனவர்கள் கனவில் வந்து சொன்ன சேதி வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ள முடிந்தது.

சித்திரை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கீழே உள்ள புல் மைதானத்தில் டிரம் ஓட்டம் நடக்கும். எந்தக் காலத்திலோ ரோடு போட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன மூன்று தார் டிரம்களை முக்கோணமாக நிறுத்திவைத்து, ஒவ்வொரு குதிரையாக வந்து, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சுற்றி, எதையும் சாய்க்காமல், கடைசி டிரம்மிலிருந்து நேராகக் கோட்டுக்குப் பறந்து வர வேண்டும். குறைந்த நேரத்தில் வந்த குதிரை அடுத்த சித்திரை வரைக்கும் படகுத்துறை வாசலில் முதல் இடத்தில் நிற்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஜனங்கள் கண்ணில் முதலில் படுகிற குதிரையில்தான் ஏறுவார்கள் என்பதால் அந்த இடத்துக்கு அவ்வளவு மவுசு. கருப்பட்டி நாலு வருஷமாகக் கடைசிக்கு முந்தின இடத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

கருப்பட்டியிடம் வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. டிரம் நெருங்கினால் சிலம்பாயியின் கை பதறிவிடும். கடிவாள வாரைப் பிடித்து மார்பு வரைக்கும் இழுப்பாள். இழுத்தால் கருப்பட்டியின் தலை ஆகாயத்தைப் பார்க்கும். தலை மேலே போனால் தோள் உள்ளே சரியும். தோள் சரிந்தால் டிரம் சரியும். நாலு வருஷத்தில் நாலு டிரம் அப்படித்தான் விழுந்தது. விழுந்த பிறகும் அவள் வாரை விடமாட்டாள். அந்த வருஷம் மாசி மாதத்தில் பழக்கிக்கொண்டிருந்தபோது கருப்பட்டியின் கடைவாய் கிழிந்து நுரையில் ரத்தம் வந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்: "குதிரைமேல ஒரு குத்தமும் இல்லக்கா. உங்க கை கனமா இருக்கு. ஒரு தடவை சொல்லிட்டு விட்டுரணும். நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

"சொன்னாக் கேக்க மாட்டேங்குதே."

"கேக்குறதுக்கு அதுக்கு நேரம் குடுக்கணும்ல."

வீரணன் பக்கத்தில் நின்று குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெண்சாதியின் பக்கம் திரும்பி, தன் கையைத் தொட்டு, வாயைத் தொட்டு, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். நீ கையால் கத்துகிறாய் என்று அதற்கு அர்த்தம். சொல்லிவிட்டுக் கடிவாளத்திலிருந்து குதிரையின் வாய்க்குள் கிடக்கிற இரும்புக் கம்பியைக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய் உலையில் போட்டு, சட்டை மாட்டுகிற கொக்கியாக அடித்துச் சுவரில் அறைந்துவிட்டான்.

மறுநாள் காலையில் சிலம்பாயி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தெரு தள்ளி ஏரிக்கரையில் நின்ற கருப்பட்டி, முறம் மேலே போகும்போது முன்னங்காலைத் தூக்கியது, முறம் கீழே வரும்போது இறக்கியது, கல் பொறுக்குவதற்காக அவள் விரல் நின்றபோது அசையாமல் நின்றது. படகுத்துறையில் டீக்கடையும் ஒரு சவாரிக் குதிரையும் வைத்திருக்கிற மரியசூசை, டிரம் ஓட்டக் கமிட்டிக்குத் தலைவர், கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காரணம் என்னவென்று யாரையும் கேட்காமல் நேராகச் சிலம்பாயி வீட்டுக்கு நடந்துவந்தார்.

"தங்கச்சி, அந்த முறத்தைக் கொஞ்சம் கீழ வையி."

அவள் வைத்தாள். தெருமுனையிலிருந்து ஆள் மாற்றி ஆள் குரல் கொடுத்தார்கள்: நின்னுருச்சி.

"இப்பத் தூக்கு."

ஆடுது என்று சேதி வந்தது. விசாரணை அதோடு முடிந்தது. மரியசூசை கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஊர் அந்தக் கைகளுக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. அவள் மாவாட்டினால் கருப்பட்டி கிறுகிறுத்துப்போகும் வரை சுற்றியது என்பதால், தெருப் பெண்கள் முறைவைத்து அவளுக்கு மாவாட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். குடத்தைத் தூக்கிவந்து வைத்தார்கள். கோயிலில் பூசாரி அவள் கையில் கொடுக்காமல் நெற்றியிலேயே திருநீறு பூசினார். ரேஷன் கடையில் அவளுடைய கைரேகையை எடுக்கும்போது, விரலை மெதுவாக வையுங்கள், வெளியே யாரோ குதிரைமேல் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார். பங்குனியில் ஒரு பெரிய சாவு விழுந்தது. அத்தனை பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, சிலம்பாயி மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் முடிந்துவைத்துக்கொண்டு வெறும் கண்ணால் அழுதாள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ அழுததுதான் ஆத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று செத்தவளின் மகளே வந்து சொன்னாள்.

பனி இறங்கி எதிரே வருகிறவர் முகம் தெரியாத நாட்களில், மேய்ச்சலுக்குப் போன கருப்பட்டியைத் தேடி யாரும் காட்டுக்குள் போகவில்லை. சிலம்பாயி வாசற்படியில் நின்று, ஆட்காட்டி விரலை உள்ளங்கைப் பக்கம் கொஞ்சமாக மடக்குவாள். எங்கோ ஒரு சரிவில் வெண்மைக்குள்ளிருந்து லாடச் சத்தம் புறப்பட்டு, ஏலத்தோட்டத்தைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, தெருவுக்குள் நுழையும். கேட்டுக்கொண்டிருக்கிற ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள். இப்படி ஒருத்தியின் கையைப் பார்த்துப் பார்த்து ஊரில் எல்லார் கையும் மெல்லத் தணிந்துபோனது. கதவுகளை அடித்துச் சாத்துகிறவர்கள் ஒருக்களித்துச் சாத்தினார்கள். மரியசூசை டீக் கிளாஸைப் பலகையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் போனது.

கருப்பட்டியின் வாய் ஆறியது; உடம்பு பூசியது; தோல் பளபளத்தது. பங்குனிக் கடைசியில் சிலம்பாயி மைதானத்தில் வாரே இல்லாமல் அவள்மேல் ஏறினாள். டிரம்முக்கு முன்னால் கையைத் தாழ்த்திப் பிடரிமேல் வைத்து, விரலை அசைத்துவிட்டு எடுத்துவிட்டால் போதும், கருப்பட்டி மூக்கை உள்ளே வளைத்து, பின்னங்காலை அடியில் கொடுத்து, டிரம்மின் தகரத்தில் தன் மூச்சு படுகிற தூரத்தில் சுற்றிவந்தாள். வேலியில் சாய்ந்து பார்த்த மரியசூசை, இந்த வருஷம் முதல் இடம் யாருக்கு என்று இனி ஓட்டம் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்றார். "சித்திரை வரைக்கும் கையை மட்டும் பத்திரமா வச்சுக்க தங்கச்சி. நாங்க பாத்துக்கிறோம்."

அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் நடந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஏனென்றால் சிலம்பாயி தன் புருஷனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். முதல் வாரத்தில் பேசிப் பார்த்தாள். மழை வரும் போலிருக்கிறது என்று அவனிடம் சொன்னதற்குக் கருப்பட்டி வேலியைத் தாண்டினாள். குதிரையைக் கொட்டடியில் கட்டிவிட்டுப் பேசினாள். ஏதோ சின்னக் கோபத்தில் அவள் இரண்டு வார்த்தை சொல்லப்போக, அங்கே கருப்பட்டி சுவரில் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சிலம்பாயி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே வீட்டில் நடமாடினாள். அவன் கேட்டால் தலையாட்டுவாள். வாயசைத்துச் சொல்வாள்; உதட்டைப் பார்த்து அவனால் உப்பு, சோறு, வெந்நீர் என்கிற அளவில்தான் பிடிக்க முடிந்தது. உப்பும் வெந்நீருமாக ஒரு மாதம் போனது. பிறகு அவன் பேச்சும் குறைந்தது. பட்டறையிலிருந்து வந்தால் அவனும் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்தான். காது கேட்கிற ஊருக்குள் அவன் காதாக இருந்தது அவள் கைதான். அது மூடிக்கொண்டதும், நாலு வயதுக் காய்ச்சல் இரண்டாம் முறை வந்து மிச்சத்தையும் எடுத்துப்போனது மாதிரி இருந்தது அவனுக்கு.

சித்திரை இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றான். சேதி கேட்டு சிலம்பாயி ஓடிவந்தாள். அடிவாரத்தில் கல்லுப்பாலத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவதாகச் சைகை காட்டினான். குதிரையிடம்தான் உனக்குப் பேச இருக்கிறது என்றும் சொன்னான், கோபமில்லாமல், மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

போகாதே என்பதற்கு அவர்கள் பாஷையில் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மார்பு வரைக்கும் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் கருப்பட்டி ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரை ஏற்றிக்கொண்டு பாறைமுனையின் ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருப்பாள் என்று சிலம்பாயிக்குத் தெரியும். இழுத்தால் தலை தூக்குவாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. முந்தானைக்குள் அவள் கை இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பஸ் கிளம்பியது. நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் வழக்கம்போலக் கையை இடுப்போடு வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்தபடி வீரணன் மலையிறங்கிப் போனான்.

டிரம் ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் அக்கா மரியசூசையின் கடைக்குப் போன் செய்தாள். எங்கோ ஆந்திராப் பக்கம் கல்குவாரியில் வேலையாம், நாளை மத்தியானம் லாரியில் போகிறான், திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை என்றாள்.

சேதி கேட்டு வந்த சிலம்பாயி கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள்.

"அண்ணே, நாளைக்கு நான் ஓட்டல. காலைல முத பஸ்ஸுல கீழ போறேன்."

மரியசூசை பால் பாத்திரத்தை இறக்கி வைத்தார். "மூணு மாசமா ஊரே உனக்காகக் கையக் கட்டிக்கிட்டு இருக்கு."

"தெரியும்ணே."

"போயி என்ன பண்ணப்போற?"

"பேசப் போறேன்."

அவர் அடுப்பைத் தணித்தார். பேச்சென்றால் என்ன என்று அவருக்குப் புரிந்தது. "எவ்வளவு நேரம் பேசுவ?"

"மூணு மாசப் பேச்சு இருக்குண்ணே."

"அப்பக் கருப்பட்டிய வெளிய எங்கயும் விட முடியாது. மைதானத்துலயே விட்டுருவோம். வேலி பலமா இருக்கு, தரையும் மெத்துனு இருக்கு. உன் முறை பத்து மணிக்கு. அதுவரைக்கும் கையைத் தொறந்துராத."

கல்லுப்பாலத்தில் வெயில் ஒன்பதரைக்கே ஏறியிருந்தது. வீரணன் அக்கா வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் தென்னை நிழலில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தான். பந்தயம் என்னாயிற்று என்று கேட்டான். சிலம்பாயி பதில் சொல்லாமல், உள்ளே சுவர்க் கடிகாரம் தெரிகிற இடமாகப் பார்த்து, அவனுக்கெதிரே தரையில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தடித்ததும் முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

அந்த நேரத்தில் மேலே நடந்ததை அவள் பிறகு பல பேர் வாயால் கேட்டாள். கடைசி ஓட்டம் ஒன்றைத் தவிர மற்றதை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வேலியைச் சுற்றி ஊர் நின்றது. மூன்று டிரம்மும் நின்றன. நடுவில் ஆளில்லாமல், சேணமில்லாமல் கருப்பட்டி நின்றாள். கோயில் மணி பத்தடித்து முடிந்ததும் அவள் பின்னங்காலில் எழுந்தாள்.

ஏனென்றால் கீழே சிலம்பாயி கத்திக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வேலை தேடிக்கொண்டாயே, நான் யாரிடம் போய்ச் சொல்வேன், என் கையைக் கட்டிப்போட்ட இடத்தில் நீயாவது வந்து அவிழ்த்துவிட்டாயா என்று கை இரண்டும் காற்றை வெட்டின, மார்பில் இடித்தன, இழுத்தன. மேலே கருப்பட்டி தலையை உதறிக்கொண்டு ஓடினாள், முதல் டிரம்மை மோதி உருட்டினாள், இரண்டாவதை உதைத்தாள். வேலியோரம் நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். நல்லா சண்டை நடக்குது என்றார் மரியசூசை.

வீரணன் கயிற்றைப் போட்டுவிட்டு அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். கருப்பட்டி ஓடிய வாக்கிலேயே நின்றாள், தூக்கிய முன்னங்காலைக் கீழே வைக்காமல். மைதானத்தில் பனி நகர்கிற சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள்.

அவனுடையது இரும்பு பிடித்துக் காய்த்த கை. அதன் சூடு அவள் மணிக்கட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. காதோரம் நரை கூடியிருந்தது. இந்த மூன்று மாதத்தில் வந்ததா, முன்பே இருந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காது கேட்காதவன் என்பதால் பத்தொன்பது வருஷமும் அவனிடம் அகலமாக, உயரமாக, வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோலவே அவள் பேசிவந்திருக்கிறாள். அவன் ஒரு நாளும் அக்கரையில் இருந்ததில்லை. எப்போதும் இந்த ஒரு சாணில்தான் இருந்தான்.

அவன் மெல்லப் பிடியை விட்டான். கருப்பட்டி காலைத் தரையில் வைத்தாள்.

சிலம்பாயி கையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டிலிருந்து மட்டும் பேச ஆரம்பித்தாள். வீடு காலியாக இருக்கிறது என்றாள். பட்டறையில் சாம்பல் அப்படியே கிடக்கிறது, அள்ள மனசு வரவில்லை என்றாள். அவன் குனிந்து பார்த்தான். பார்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தான். அவள் கை இன்னும் சின்னதாக, விரல் அளவுக்கு வந்தது. அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் போகாதே என்று சொல்ல வந்தேன், ஒரு டீச்சர் பாறைமுனையில் இருந்தாள் என்றாள். அவனுக்கு அது தெரியாது. டீச்சர் இறங்கிவிட்டாளா என்று கேட்டான். பத்திரமாக இறங்கிவிட்டாள் என்றாள்.

மேலே மரியசூசையும் இன்னும் இரண்டு பேரும் மைதானத்துக்குள் போய், சாய்ந்த டிரம்களை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கருப்பட்டி கோட்டுப் பக்கமாக நடந்துபோய்த் திரும்பி நின்றாள்.

வா என்றாள் சிலம்பாயி. இழுக்கவில்லை. ஆட்காட்டி விரலை அரை அங்குலம் மடக்கினாள். உடனே விரலை நீட்டி, கையை மடியில் மலர்த்தி வைத்துவிட்டாள். சொல்லியாயிற்று. இனி அவன் பாடு. வாய்க்காலில் ஒரு தென்னம்பூ மிதந்து போனது. அவள் கைக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று இருந்தது, பிடித்து இழுக்க வேண்டும் என்று இருந்தது; விரல் நுனியில் நமைச்சல் எடுத்தது. அவள் அதை அப்படியே இருக்கவிட்டாள்.

மேலே கருப்பட்டி கிளம்பினாள். காதை முன்னால் வைத்து, கழுத்தைத் தாழ்த்தி, முதல் டிரம்முக்கு வந்து, அதை ஒரு தண்ணீர்க் கோடு கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றினாள். குறுக்கே போய் இரண்டாவதைச் சுற்றினாள். மூன்றாவது டிரம்மில் அவள் வால் தகரத்தைத் துடைத்துக்கொண்டு போனது, டிரம் ஆடவில்லை. அங்கிருந்து கோட்டுக்கு அவள் ஓடியதைச் சிலர் பார்த்தோம் என்கிறார்கள். சிலர், மூன்றாவது டிரம்மில் பார்த்தோம், பிறகு கோட்டில் பார்த்தோம், நடுவில் பார்க்கவில்லை என்கிறார்கள். நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் ஏறாத ஓட்டத்தை எழுத நோட்டில் இடம் இல்லை. அந்த வருஷம் முதல் இடம் மரியசூசையின் வெள்ளைக்குதிரைக்குப் போனது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசிக்கொள்ளவில்லை.

கல்லுப்பாலத்தில் வீரணன் பெட்டியின் கயிற்று முடிச்சைப் பார்த்தான். அவிழ்த்தால் அக்கா பார்த்துக் கேள்வி கேட்பாள் என்று அவிழ்க்கவில்லை. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தான். மலைப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

மூன்றரை பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. குளிர் ஏற ஏற சிலம்பாயி முந்தானையை இரண்டு பேர் மடிக்கும் சேர்த்துப் போர்த்தினாள். அதற்கடியில் அவன் உள்ளங்கையில் அவள் ஒரு விரலால் பேசிக்கொண்டே வந்தாள், பார்க்கக்கூட வேண்டாத பேச்சு, தோலில் பட்டாலே போதுமான பேச்சு: அக்கா வீட்டுக் குழம்பில் புளி அதிகம், டிரைவர் புது ஆள், மேலே மழை பெய்கிறது, பார்.

மைதானத்தில் கூட்டம் கலைந்திருந்தது. மரியசூசை ஒரு வாளித் தண்ணீரோடு கருப்பட்டியின் பக்கத்தில் நின்றார். குதிரை நாலு காலையும் மடக்கி ஈரப் புல்லில் படுத்திருந்தது. அவள் படுத்து அவர் பார்த்ததேயில்லை. எழுப்ப மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது, அவளுடைய இடது காது மட்டும் மலைரோட்டுப் பக்கம் லேசாகத் திரும்பி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

வேலியருகே நின்றவர்களைப் பார்த்து அவர் தணிந்த குரலில் சொன்னார்: "ரெண்டு பேரும் வர்றாங்க."